பாதைக்குத் தெரிந்த கால்கள்

அரசாங்கப் பணத்தில் போட்ட ஒரு பாதை அரசாங்கத்தின் பேச்சைக் கேட்காமல் வளர்ந்துவிட்டது. மங்கையர்க்கரசியின் மேசைக்கு வந்த புகாரைச் சுருக்கினால் இவ்வளவுதான். மதுரையிலிருந்து மலையேற வந்த ஒருவர் சுனைக்கரட்டுப் பாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் கைவீசிக் கதை பேசியபடி அதே இடத்தில் ஏறிப் போனார்களாம். எலும்பு முறிந்ததைவிட அதுதான் மனிதருக்கு அதிகமாக வலித்திருக்கிறது.

மங்கை மலைநடைப் பாதை வாரியத்தில் பாதுகாப்புப் பொறியாளர். ஜனங்கள் காலாற நடப்பதற்கென்றே அரசு நிதி ஒதுக்கி மலையோரங்களில் பாதை போடத் தொடங்கிய காலத்தில், இழைமண்ணை உருவாக்கிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மண்ணுக்குள் ஒரு பூஞ்சையை விதைப்பார்கள். மேலே ஆட்கள் நடக்க நடக்க, அந்த அழுத்தத்தில் பூஞ்சையின் இழைகள் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். மழை அரிக்காது, சிமெண்ட் வேண்டாம், மலை மலையாகவே இருக்கும். கேட்கக் கேட்க இனித்த திட்டம் அது. ஆனால் போட்ட இடத்திலெல்லாம் மூன்றாம் வருஷமே இழைகள் பட்டுப்போயின. வாரியம் கைகழுவியது. செத்த பாதைகளில் சுடுநீராவி அடித்து மிச்சம் மீதியையும் கொன்றுவிட்டு, மேலே சிமெண்ட் கல் பதிக்கும்படி உத்தரவு வந்தது. அந்த நீராவி லாரியோடு மலை மலையாகப் போய்வந்ததும் மங்கைதான். வேலை என்று வந்தபின் என்ன செய்வது, செய்தாள்.

சாகாமல் மிஞ்சியது சுனைக்கரடு ஒன்றுதான். அது ஏன் சாகவில்லை என்று கேட்க வாரியத்தில் யாருக்கும் நேரமில்லை. நிதியாண்டு நாளையோடு முடிகிறது. 'எவரும் ஆபத்தின்றி நடக்கலாம்' என்று அவள் சான்று கொடுத்தால் பாதைக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்குப் பராமரிப்புப் பணமும் சட்டப் பாதுகாப்பும் உண்டு. கொடுக்காவிட்டால் நீராவி. லாரி ஏற்கெனவே அடிவாரத்து டீக்கடைக்கு எதிரே வந்து நின்றிருந்தது.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் செருப்பும் ஷூவும் குவிந்து கிடந்தன.

"மேல கோயில் இருக்கா?" என்று கேட்டாள் மங்கை.

"கோயிலெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். வெறும் பாதைதான்." பதில் சொன்னவர் ஜக்கையன். ஊரில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர், நடைச் சங்கத்துக்குத் தலைவர். அறுபதைத் தாண்டிய பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வலது காலில் கட்டைவிரல் இல்லை. சர்க்கரை தின்றுவிட்டது.

"பின்ன எதுக்கு செருப்பக் கழட்டிப் போட்டிருக்கீங்க?"

"பாதையத் தெறந்து வச்ச அன்னிக்கி ஒரு பெரிய ஆபீசர் வந்து மைக்குல பேசுனாரு. 'இந்த மண்ணுக்கு உசுரு இருக்கு, இதைக் காப்பாத்துறது ஒங்க கடமை'ன்னாரு. உசுரு இருக்கறத எப்பிடி மேடம் செருப்புக் காலோட மிதிக்கிறது? அன்னிக்கிக் கழட்டுனதுதான்."

மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாநிலத்தில் ஒரு திறப்பு விழாப் பேச்சை ஓர் ஊரே அப்படியே நம்பியிருக்கிறது! மற்ற ஊர்களிலும் அதே பேச்சைத்தான் பேசியிருப்பார்கள். கை தட்டிவிட்டு, புது ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்திருப்பார்கள்.

சிரிப்பு முதுகுப்பாறைத் திருப்பம் வரைதான் தாங்கியது. மலையில் செங்குத்தான இடம் அது; மங்கை ஓரத்துப் பாறைகளைப் பிடித்துத்தான் ஏறி வந்தாள். சுனைநீர் கசிந்து கோடையிலும் ஈரமாக இருந்தது. மங்கை அழுத்தமானியை மண்ணில் பதித்து அளந்தாள். ஒரு சாண் தள்ளி மறுபடி அளந்தாள். இங்கே கல், அங்கே களி. திரும்ப முதல் இடத்துக்கு வந்தால் அதுவும் மாறியிருந்தது. நல்ல பாதை என்றால் எங்கே தொட்டாலும் ஒரே உறுதி இருக்க வேண்டும். இது ஒரு நிலையிலேயே இல்லை.

"தேறாதுங்க," என்றாள். "மண்ணு பிடிப்பு விட்டுப்போச்சு. மத்த எடத்துல நடந்ததுதான் இங்கயும்."

"மெஷின வச்சு அளந்தா எப்படிங்க தெரியும்? அது எங்கள மாதிரி நடக்குமா?" என்றார் ஹமீதா டீச்சர். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இரண்டு வருஷத்துக்கு முன் கபடி சொல்லிக் கொடுக்கும்போது இடது முழங்காலில் தசைநார் அறுந்தவர். ஊர்த் தெருவில் கைத்தடி இல்லாமல் பத்தடி வைக்க மாட்டார். அந்தக் கைத்தடி இப்போது புங்கமரத்தடியில், செருப்புகளோடு கிடந்தது. "நான் எறங்குறேன். நீங்க என் காலை மட்டும் பாருங்க."

மங்கை குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் மேலேயிருந்து இறங்கினார். வலது கால் வந்தது. இடது கால் வரும்போது, பாதம் படுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பாக, மண் ஒரு விரற்கடை உயர்ந்தது. பாதத்தை வாங்கிக்கொண்டு, முழங்கால் மடங்காதபடி மெல்லத் தாழ்ந்தது. அடுத்த அடிக்கு அடுத்த இடத்தில் உயர்ந்தது. டீச்சர் கீழே பார்க்கவேயில்லை. அவர் கடந்துபோன பிறகு மண் ஒன்றும் நடக்காதது போலச் சமமாகக் கிடந்தது.

மங்கையின் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. "இன்னொரு தடவை," என்றாள். டீச்சர் ஏறி இறங்கினார். மறுபடியும் அதேதான். ஜக்கையனை நடக்கச் சொன்னாள். அவருக்கு இடது பக்கம் ஒன்றும் உயரவில்லை. வலது பாதம் பதிந்தபோது, இல்லாத கட்டைவிரலின் இடத்தில் மண் சின்ன மேடாகத் திரண்டு முட்டுக் கொடுத்தது. அவள் ஆய்வகத்தில் விதைத்த பூஞ்சைக்கு இதில் எதுவும் தெரியாது. அழுத்தினால் இறுகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே அது ஒரு ஊரையே கற்றுக்கொண்டிருந்தது. அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, எழுந்து நின்று கத்த வேண்டும்போலவும் இருந்தது.

"இது எப்பிடி மேடம்? நாங்க ஏதோ பழக்கம்னு நெனச்சிக்கிட்டிருந்தோம்," என்றார் ஜக்கையன்.

"உள்ளங்கால் வேர்வைல உப்பு இருக்கு. தோல்ல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. ஒருத்தர் கால்ல இருக்கற கூட்டம் இன்னொருத்தர் கால்ல அப்படியே இருக்காது. நீங்க வெறுங்காலோட மிதிச்சதால இது தெனம் அதை ருசி பார்த்திருக்கு. உப்பு கெடைச்சதால பொழைச்சிருக்கு. ருசி கெடைச்சதால ஆளை அடையாளம் வச்சிருக்கு. மத்த ஊர்ல பாவம், ரப்பரைத்தான் தின்னுச்சு."

மங்கை தன் ஷூவைக் கழற்றினாள். தான் பெற்ற ஒன்றைத் தொடப்போகும் ஆசையோடு காலை வைத்தாள். மண் சில்லென்று, மொழுமொழுவென்று இருந்தது. அடுத்த அடியில் வழுக்கிக்கொண்டு போனாள். ஹமீதா டீச்சர் எட்டிப் பிடித்திராவிட்டால் வாரியத்தில் இன்னொரு மணிக்கட்டுப் புகார் பதிவாகியிருக்கும்.

"ஒங்கள அதுக்குத் தெரியாதுல்ல," என்றார் டீச்சர், அவள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி. "எனக்கே பழக ஆறு மாசம் ஆச்சு."

மங்கையின் முகம் அப்போதுதான் மாறியது. தெரிந்தவர்களுக்காக ஒவ்வொரு அடியும் கலைந்து கலைந்து உருமாறும் மண், தெரியாதவர்களுக்குப் பிடிமானம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இதுக்குப் பணம் குடுக்கறது நீங்க மட்டும் இல்ல," என்றாள். "ராமநாதபுரத்துல உப்பளத்துல வேலை செய்யறவர் வரிப்பணமும் இதுல இருக்கு. அவர் வந்து நடந்தா கையை ஒடிக்கும்னா இது பொதுப்பாதை இல்லைங்க. ஒங்க சங்கத்துப் பாதை. சங்கத்துப் பாதைக்கு நான் எப்படி அரசாங்கப் பணத்தை எழுதித் தர முடியும்?"

அவள் சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"வெளியூர்க்காரரு கெடக்கட்டும் மேடம். எங்க ஊருக்காரங்களுக்குப் பூராம் இது நல்ல பாதை. அத எழுதலாம்ல?" என்று ஜக்கையன் ஒரு நூலை விட்டுப் பார்த்தார்.

"ஊர்க்காரங்க எல்லாரும் வர்றாங்களா?"

"எல்லாரும் வாறாங்க."

ஹமீதா டீச்சர் தொண்டையைச் செருமினார். "கிழக்குத் தெருக்காரங்க வர்றதில்ல."

"ஏன்?"

"வேணாம்னு யாரும் சொல்லல," என்றார் ஜக்கையன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"வாங்கன்னும் யாரும் சொல்லல," என்றார் டீச்சர்.

மங்கை அந்த ஈர மண்ணைப் பார்த்தாள். சற்றுமுன் அவளைப் புல்லரிக்கவைத்த மண். அது கெட்டிக்கார மண்தான். ஊர் யாரைத் தெரிந்து வைத்திருந்ததோ அவர்களை மட்டுமே அதுவும் தெரிந்து வைத்திருந்தது. "நாளைக் காலைல கிழக்குத் தெருவிலேர்ந்து ஒருத்தர் நடக்கட்டும். அவங்க இந்தத் திருப்பத்துல ஒழுங்கா ஏறி எறங்கிட்டா மேற்கொண்டு பேசலாம்," என்றாள்.

மறுநாள் காலையில் வந்தவள் அஞ்சுகம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பிரிவு நர்ஸ். ஊரில் எல்லோரும் அவளிடம் கையை நீட்டி ஊசி வாங்கியவர்கள். கிழக்குத் தெருவில் பிறந்து அங்கேயே குடியிருப்பவள். கூட அவளுடைய அண்ணன் எழில் வந்திருந்தான். ஜக்கையனின் மண்டிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றும் மினி லாரி அவனுடையது. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு புங்கமரத்தடியிலேயே நின்றுவிட்டான்.

"பாத்து வாம்மா," என்றார் ஜக்கையன். முந்தின நாள் குரலில் பாதிகூட இல்லை. அவள் விழுந்தால் நண்பகலுக்குள் நீராவி ஏறிவிடும். சங்கத்து ஆட்கள் பாதையின் இருபுறமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விழுந்தா நான்தானே சார் கட்டுப் போட்டுக்கணும். நீங்க ஏன் பயப்படுறீங்க?" என்றுவிட்டு அஞ்சுகம் செருப்பைக் கழற்றினாள்.

முதல் அடியிலேயே மங்கைக்கு ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. மண் வழுக்கவில்லை. இரண்டாம் அடியில் லேசாக அசைந்தது. முதுகுப்பாறைத் திருப்பத்தில் அஞ்சுகம் காலை எடுத்து வைத்தபோது, அவள் பாதத்தின் அடியில் மட்டுமல்ல, சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு மண் எழுந்தது. இடது பக்கம் எழுந்தது, வலது பக்கம் எழுந்தது, அவள் இன்னும் கால் வைக்காத இடமெல்லாம் வரிசையாக மேலேவரை எழுந்து நின்றது. டீச்சருக்கு ஒரு விரற்கடைதான் உயர்ந்த மண். மேலே எங்கேயோ சுனை சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தன் வாழ்நாளில் இனி இப்படி ஒன்றைப் பார்க்கப்போவதில்லை என்று மங்கைக்குத் தோன்றியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளவும் மறந்தாள்.

அஞ்சுகம் ஏறினாள், திரும்பி இறங்கினாள். அவளும் வெலவெலத்துப் போயிருந்தாள்.

"நீங்க முன்னாடி வந்திருக்கீங்களா?" என்றாள் மங்கை.

"இதுவரைக்கும் கால் வச்சதில்ல."

"பின்ன எப்படி? என்னையே தெரியல அதுக்கு. ஒங்களை இத்தனை நல்லா..."

அஞ்சுகம் சுற்றி நின்றவர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"நான் வரல மேடம். என் கையி வந்திருக்கு," என்றாள். "சர்க்கரைக்காரங்களுக்கு மாசாமாசம் காலைத் தடவிப் பாப்போம். சொரணை இருக்கா, நாடி ஓடுதா, வெடிப்பு இருக்கான்னு. கையுறை போட்டா நாடி தட்டுப்படாது. வெறுங்கையாலதான் பாக்கணும். பாத்துட்டு எண்ணெய் போட்டு நீவி விடுவேன். இந்தா நிக்கிறாங்களே, முக்காவாசிப் பேரு காலு என் கையில பட்டதுதான்."

மங்கைக்குப் பிடிபட்டது. "ஒவ்வொருத்தர் கால்லயும் ஒங்க கையிலேர்ந்து கொஞ்சம் ஒட்டியிருக்கு. எல்லார் ருசியிலயும் நீங்க கலந்திருக்கீங்க. இந்தப் பாதைக்கு முதல்ல தெரிஞ்ச ஆளே நீங்கதான்."

சங்கத்தில் ஒருவர் கை தட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். ஜக்கையன் வாயெல்லாம் பல்லாக, "பாத்தீங்களா மேடம்! எங்க பாதைக்குப் பேதமே கெடையாது. எழுதிருங்க," என்றார்.

"தட்டாதீங்க," என்றாள் அஞ்சுகம். சத்தம் நின்றது. "மேடம், என்னைய வச்சு எங்க தெருவுக்கே சேத்து எழுதிராதீங்க. அண்ணே, இங்க வா."

எழிலுக்கு இஷ்டமேயில்லை. தங்கை சொன்னதற்காகச் செருப்பை உதறிவிட்டு வந்தான். திருப்பத்துக்குப் போகவே தேவையிருக்கவில்லை. முதல் சரிவிலேயே கால் வாரிவிட்டது. கையை ஊன்றி எழுந்தவன், "இதுக்குத்தான் வரலன்னேன்," என்று முணுமுணுத்தபடி முழங்கையில் வழிந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனைத் தூக்கிவிட ஹமீதா டீச்சரின் கை மட்டும்தான் நீண்டது.

மங்கை மணி பார்த்தாள். கீழே லாரிக்காரர் கொதிகலனைச் சூடேற்றத் தொடங்கிவிட்டார், புகை தெரிந்தது. இத்தனை அதிசயத்தையும் தன் கையாலேயே அவிக்க வேண்டும். அதே கையால் பொய்ச் சான்று எழுதவும் அவளுக்கு வராது. ஆறு மாசம் அவகாசம் கேட்டால் வாரியம் சிரிக்கும். அவள் யோசித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அஞ்சுகம், தெரிஞ்ச கை பட்ட கால்னா போதும்ல? இப்ப நீங்க ஒங்க அண்ணன் கால்ல எண்ணெய் தடவினா அது அவரை ஏத்துக்கும். ஒருத்தர் கால் ருசி கொஞ்சம் அவர் கையிலயும் இருக்கும். புது ஆள் யார் வந்தாலும், பாதைக்குத் தெரிஞ்ச ஒருத்தர் தடவி விட்டுட்டா விழமாட்டாங்க. அதையே விதியா எழுதி நான் சான்று குடுத்துடுவேன்!"

"ஏத்துக்கும்," என்றாள் அஞ்சுகம். தோள்பையிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். ஆனால் அண்ணன் பக்கம் போகாமல், பாட்டிலைச் சங்கத்துக்காரர்கள் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஆனா நான் தடவ மாட்டேன் மேடம். எட்டு வருசமா நான் தடவியாச்சு. பாதை இவங்களுக்குத்தானே வேணும்? இவங்க தடவட்டும்."

மங்கை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். ஒருவர் புங்கமரத்தில் எதையோ தேடினார். ஹமீதா டீச்சர் பாட்டிலை நோக்கிக் குனிந்தார்.

"டீச்சர், நீங்க இருங்க," என்றது ஒரு குரல்.

ஜக்கையன்தான். அவர் முகம் கன்றியிருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பை ஒரு கையால் ஊன்றித் தாங்கி, சிரமப்பட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றினார். கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

"காலக் குடுங்க எழிலு," என்றார். இத்தனை வருஷம் மூட்டை ஏற்றிய அந்த ஆளை அவர் 'ங்க' போட்டுக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

எழில் பின்வாங்கினான். "வேணாம் மொதலாளி. பெரியவரு... அதெல்லாம் தப்பு."

"எது தப்பு? ஒங்க தங்கச்சி மடியில நான் மாசாமாசம் காலத் தூக்கி வைக்கிறேன். ஒரு நாளாச்சும் கூசியிருக்கேனா?" அவர் குரல் உடைந்தது. "குடுய்யா. லாரிக்காரன் நெருப்பப் போட்டுட்டான்."

எழில் தங்கையைப் பார்த்தான். அவன் மெதுவாக எதிரே உட்கார்ந்து வலது காலை நீட்டினான். மூட்டை சுமந்து வெடித்த பாதம். ஜக்கையன் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, வெடிப்பு வெடிப்பாக எண்ணெய் போட்டு நீவினார். முதலில் அவசரமாக, பிறகு நிதானமாக. மறு காலையும் அவரே கேட்டு வாங்கினார்.

எழில் எழுந்து நடந்தான். முதல் சரிவு தாங்கியது. முதுகுப்பாறைத் திருப்பத்தில் அவன் தயங்கி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினான். மண் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு, முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை உற்றுப் பார்ப்பது போல் லேசாக நெளிந்து, வெடித்த அந்தக் குதிகாலுக்குக் கீழே மெதுவாகத் திரண்டு எழுந்தது.

கீழே மங்கை சான்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லாரிக்காரரைக் கொதிகலனை அணைக்கச் சொல்லிக் கத்தியதில் அவள் தொண்டை கட்டியிருந்தது. மேலே போன எழில் உச்சிவரை ஏறாமல் பாதியில் திரும்பி, விறுவிறுவென்று இறங்கி வந்து செருப்பை மாட்டினான்.

"எங்கண்ணே போற?" என்றாள் அஞ்சுகம்.

"தெருவுக்கு. நம்மாளுக பூராத்தையும் கூட்டியாறேன்." அவன் இன்னும் தரையில் உட்கார்ந்திருந்த ஜக்கையனைப் பார்த்தான். "மொதலாளி, எண்ணெய் பத்தாது. மண்டிக்குச் சொல்லி விடுங்க."

ஜக்கையன் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற சங்கத்துக்காரரின் வேட்டியைப் பிடித்து இழுத்துத் தன்னருகே உட்காரவைத்தார். அதற்கடுத்தவர் தானாகவே உட்கார்ந்தார்.